நூறு கிராம் கடுகு

என்ன வாங்க வந்தோம் என்பது தனபாக்கியத்துக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. மறந்துபோயிற்று என்று சொல்வதும் சரியில்லை, வாங்க ஒன்றும் இல்லாமல்தான் வந்தாள், ஆனால் வீட்டில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தாளே, அது கடுகா வெந்தயமா, அதுதான் இப்போது வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. கையில் செல்போன், போனுக்குள் மகன் சிவநேசன். "அம்மா, எங்க இருக்க?" எங்கே இருப்பாள், நிறைநாழி சூப்பர் மார்க்கெட்டில் மளிகை வரிசையில், ஏசிக் காற்று நேராகப் பிடரியில் விழுகிற இடமாகப் பார்த்து, காலிக் கூடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "கடையிலடா" என்றாள். "என்ன வாங்கப் போன?" ஐயோ, இதைக் கேட்பான் என்று தெரியாமல் போனை எடுத்துவிட்டோமே. கண் அவசரமாக அலமாரியைத் துழாவியது. கண்ணுக்கு நேரே கடுகு இருந்தது. "கடுகு" என்றாள். சொன்னது பொய்யாகாமல் ஒரு பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். "அப்பாகிட்ட வெந்தயம்னு சொன்னியாமே?" "வெந்தயமுந்தான்" என்றாள் சளைக்காமல். "சரிம்மா, நீ ஒண்ணும் தேட வேணாம், ரெண்டையும் நான் ஆப்ல போட்டுட்டேன், பத்து நிமிஷத்துல வீட்டுக்கு வந்துரும். நீ கெளம்பி வந்துரு. வெயில்ல அலையாத." வைத்துவிட்டான். எடுத்த கடுகுப் பாக்கெட்டை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளை நல்ல பிள்ளை, அதுதான் பெரிய இம்சை. கெட்ட பிள்ளையாக இருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு எங்கேயாவது போகலாம், இவன் "நீ கஷ்டப்படாதம்மா, நீ கஷ்டப்படாதம்மா" என்றே ஆளைக் கட்டிப்போட்டுவிடுவான். போன மாசம் அவள் போனை வாங்கி, கடையின் ஆப்பை அவனே ஏற்றி, அவள் கட்டை விரலைப் பிடித்து "இங்க அமுக்கு, அப்புறம் இங்க அமுக்கு, அவ்வளவுதான், இனிமே நீ படியிறங்கவே வேணாம்" என்று சொன்னபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, அம்மாவுக்கு வைரத்தோடு வாங்கிப் போட்ட மாதிரி. அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் ஒரு கதவைச் சாத்தின சத்தம் கேட்டது, ஆனாலும் சிரித்தாள். படியிறங்கவே வேண்டாமாம். எல்லிஸ் நகரில் ரெண்டாவது மாடி வீட்டில், ஹாலில் ரிட்டயரான அப்பா, உள் ரூமில் லேப்டாப்போடு மகன், நடுவில் அடுப்படியில் அவள். ஆபீஸ்காரன் இவனை வீட்டிலிருந்தே வேலை பார் என்று சொன்னாலும் சொன்னான், வீடு வீடாக இல்லை. "அம்மா மிக்ஸி போடாத, கால்ல இருக்கேன்." கால்ல இருக்கானாம் கால்ல. தேங்காய்ச் சட்னி அரைக்க அமெரிக்காக்காரனிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. ஹாலில் அவுக, அவள் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன், பெரியார் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த வண்டி எப்போது எடுக்கும், ஏன் லேட்டு, எப்போது திரும்பும் என்று காலமெல்லாம் கேட்டுக்கேட்டுப் பழகின வாய் அது. வண்டி இல்லையென்றால் என்ன, பெண்டாட்டி இருக்கிறாளே. "எங்க கெளம்பிட்ட? எதுக்கு? எப்ப வருவ?" மூன்று கேள்வியும் ஒரே மூச்சில் வரும். அதட்டலெல்லாம் கிடையாது, பாவம், அது அவுக தொழில்.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று நினைத்தாலே அவளுக்கு நாக்கு ஊறும். காலையில் அவுக பஸ் ஸ்டாண்டுக்குப் போனதும், இவன் ஆபீஸுக்குப் போனதும், வீடு முழுக்க அவளுக்கு. யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டுமா, ஒரு பொம்பளைக்கு அது ராஜ்யம் இல்லையா. தரையில் ஃபேனுக்கு நேரே மல்லாந்து படுத்துக்கொண்டு வாய்விட்டுப் பாடுவாள். சுதி சேராது, தாளம் நிற்காது, பாட்டில் பாதிக்கு மேல் வரி தெரியாது, தெரியாத இடத்தில் லாலா போட்டு இழுப்பாள். ஒரு ஈ காக்கா கேட்டதில்லை. இப்போது அந்தப் பாட்டு எங்கே வந்து நிற்கிறது தெரியுமா, இந்தக் கடையில் ஐஸ்கிரீம் பெட்டிகளுக்குப் பக்கத்தில். நாலு பெட்டி வரிசையாக நின்று உய்யென்று இரைந்துகொண்டே இருக்கும், அந்த இரைச்சலுக்குள் தன் குரலை ஒளித்து வைத்து ஒரு பல்லவி, ஒரு சரணம் பாடிவிட்டு நகர்வாள். யாராவது வந்தால் குனிந்து விலை பார்ப்பாள். ஐஸ்கிரீம் ஒரு நாளும் வாங்கினதில்லை, பல் கூசும். அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கடுகுப் பாக்கெட்டோடு சிரிக்கிற பொம்பளையைப் பக்கத்தில் நின்ற ஆள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மிளகாய்த் தூள் பக்கம் ஒதுங்கிப் போனார்.

கடுகை அதன் இடத்தில் வைத்தாள். வீட்டுக்குத்தான் வரப்போகிறதே, இதையும் வாங்கிக்கொண்டு போனால் அதற்கும் ஒரு பேச்சு. வெறுங்கூடையோடு எவ்வளவு நேரம் சுற்ற முடியும், வேறு ஏதாவது எடுக்க வேண்டும், பெருங்காயம் எடுக்கலாம், சின்ன டப்பா. எல்லாமே சின்னதுதான் எடுப்பாள், அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முந்தியெல்லாம் மாதச் சாமான் என்று ஒரே தடவையில் மூட்டையாக வாங்கிப்போட்ட வீடு. இந்த ரெண்டு வருஷமாக அவள் அரைக் கிலோவைக் கால் கிலோ ஆக்கினாள், கால் கிலோவை நூறு கிராம் ஆக்கினாள். நூறு கிராம் கடுகு எத்தனை நாளைக்குத் தாளிக்க வரும்? தீர வேண்டும், தீர்ந்தால்தானே திரும்ப வர முடியும். தீராத நாளில் மறந்துவிடுவாள். "ஐயய்யோ, உப்பு வாங்க மறந்துட்டேங்க, ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றேன்." சாயங்கால வெயில் தாழுமுன்னே கட்டைப்பையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிவிடுவாள். ஒரு எட்டு என்பது ஒரு மணி நேரம் ஆகும். பில் போடுகிற இடத்தில் கூட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போதெல்லாம் கூட்டமே கிடையாது, அது வேறு விஷயம்.

இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இப்போது கழுத்துக்கு வந்து நிற்கிறது. தினமும் ஒன்றை மறக்கிற அம்மாவை மகன் கவனிக்காமலா இருப்பான்? திங்கட்கிழமை உப்பு, செவ்வாய்க்கிழமை புளி, புதன்கிழமை திரும்பவும் உப்பு. அப்பனும் மகனும் குசுகுசுவென்று பேசிக்கொண்டதை அடுப்படியிலிருந்து கேட்டாள். "உங்கம்மாவுக்கு முன்ன மாதிரி இல்லடா, என்கிட்ட ஒண்ணு சொல்றா, உன்கிட்ட ஒண்ணு சொல்றா." "ஆமாப்பா, ஆரம்பத்துலயே பாத்துட்டா நல்லது." பார்த்தேவிட்டான். வருகிற வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டரிடம் பேர் பதிந்தாகிவிட்டது. "சும்மா ஒரு செக்கப்மா, பயப்படாத" என்றான், பயந்தவன் அவன்தான், கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. என்னவென்று சொல்வது? எனக்கு மறதியில்லைடா, உங்க ரெண்டு பேரையும் விட்டு ஒரு மணி நேரம் தள்ளியிருக்கத்தான் போறேன் என்றா சொல்வது? பெற்ற பிள்ளையிடம்? சோறு தண்ணி இல்லாமல் அழுதுவிடுவான். சொல்லாவிட்டாலோ, டாக்டர் ஏதாவது எழுதிக்கொடுப்பார், அம்மாவைத் தனியாக வெளியே விடாதீர்கள் என்பார், அப்புறம் அந்த ஒரு மணி நேரமும் போச்சு. ரெண்டு பக்கமும் இடி. மத்தளம் மாதிரி நடுவில் நின்று யோசித்துக்கொண்டே நாலு அடி நடந்தாள்.

நடக்கும்போது வேறொரு பயம் வந்து சேர்ந்தது. ஒருவேளை நிஜமாகவே வந்துவிட்டதோ? நடிக்க நடிக்க அதுவே ஒட்டிக்கொண்டதோ? கடுகா வெந்தயமா என்று இப்போது தெரியவில்லையே. அடுப்பை அணைத்தோமா? அணைத்தோம், பாலை மூடி வைத்தோம், மூடினது குழிவான தட்டால், ஓரம் நசுங்கின தட்டு, சிவநேசன் சின்னதில் கீழே போட்டு நசுக்கினது. சரி. நுழையும்போது கட்டைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார்களே, அதன் நம்பர் என்ன? பார்க்காமல் சொல் பார்ப்போம். நாற்பத்தொன்று. முந்தானையிலிருந்து அவிழ்த்துப் பார்த்தாள், நாற்பத்தொன்று. அப்படிப் போடு! பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பரங்குன்றம் போகிற வண்டியெல்லாம் எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள், தூக்கத்தில் சொல்வாள், அவுக தூக்கத்தில் உளறிக் கேட்ட பாடம். கல்யாணத்தன்று பந்தியில் பாயசம் தீர்ந்துபோய் மாமியார் வீட்டுச் சித்தப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டது, அவர் போட்டிருந்த சட்டையில் ஒரு பொத்தான் வேறு கலர், அதுகூட நினைவிருக்கிறது. எல்லாம் இருக்கிறது. வாங்க வந்தது மட்டும் இல்லை, இருந்தால்தானே நினைவிருக்கும். மூச்சு நிதானத்துக்கு வந்தது, அரிசிப் பக்கம் திரும்பினாள்.

அரிசி, பருப்பெல்லாம் இங்கே இன்னும் திறந்த பெட்டிகளில் குவித்து வைத்திருக்கிறார்கள். துவரம் பருப்புக்குள் கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டாள். ஆகா, என்ன குளிர்ச்சி. பருப்பு விரல் இடுக்கெல்லாம் நழுவி, கையை மெதுவாக மூடிக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை என்றால் முழங்கை வரைக்கும் விடுவாள். இதை எந்த ஆப்பில் அமுக்கி வாங்குவது? அவளுடைய அம்மா ஆயுசுக்கும் ஒரு கடைக்குள் நின்று பருப்பைத் தொட்டுப் பார்த்ததில்லை. கடைத்தெருச் செட்டியார் கடையிலிருந்து சைக்கிளில் மூட்டை வரும், அப்பா சொன்னது வரும், வந்ததை அம்மா புடைத்து டப்பாவில் போடுவாள், பூச்சி இருந்தால் முணுமுணுப்பாள், அவ்வளவுதான் அவளுக்குக் கடையோடு உறவு. அப்புறம் இந்த மாதிரி பெரிய கடைகள் வந்தன. வந்து என்ன செய்தன என்று யாராவது கேட்டால் தனபாக்கியம் சொல்லுவாள், பொம்பளையை வீட்டைவிட்டு வெளியே கூப்பிட்டன. வா, நீயே எடு, முகர்ந்து பார், வேண்டாமென்றால் வைத்துவிடு, யாரும் திட்டமாட்டார்கள் என்று கூப்பிட்டன. இந்தக் கடை திறந்த புதிதில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவார்கள். அவுக தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வருவார், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. சிவநேசனைத் தள்ளுவண்டிக்குள் உட்கார வைப்பார்கள், அவன் மேல் ஒவ்வொரு சாமானாக அடுக்க, கடைசியில் தலை மட்டும் தெரியும். "வண்டி எடுக்கலாம், ரைட்" என்று அவுக விசில் அடிப்பார், கடையே திரும்பிப் பார்க்கும், அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். அந்தத் தலைதான் இப்போது உள் ரூமில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் கடுகை வரவழைக்கிறது. சுற்றிச் சுற்றிப் பார்த்தால் சாமான் திரும்பவும் வீட்டுக்கே வர ஆரம்பித்துவிட்டது, செட்டியார் சைக்கிளுக்குப் பதில் பச்சைச் சட்டை போட்ட பைக். அம்மாவாவது பூச்சி இருந்தால் முணுமுணுத்தாள். எனக்கு அதுகூட மிஞ்சாது போலிருக்கே என்று நினைத்தாள், கையைப் பருப்பிலிருந்து எடுக்க மனசில்லாமல் எடுத்தாள்.

போன் திரும்ப அடித்தது. "அம்மா, இன்னும் கெளம்பலயா?" "பெருங்காயம் ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்டா." "பெருங்காயமா, அதையும் போட்டுர்றேன். இன்னும் பேக் பண்ணல, சேத்துருவாங்க. வேற என்ன வேணும்?" வேற என்ன வேணும். நல்லாக் கேட்டான் கேள்வி. "அப்பளம்" என்றாள், வாயில் வந்ததைச் சொல்லி. "போட்டாச்சு. வேற?" "ஊதுபத்தி." "போட்டாச்சு. வேற?" அவன் விரல் அந்தப் பக்கம் டக் டக்கென்று அமுக்குவது அவளுக்குக் காதில் விழுந்த மாதிரி இருந்தது. அவள் ஒன்று சொல்ல அவன் ஒன்றைப் பிடுங்க, ஒவ்வொரு சாக்காகக் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் சொல்ல எதுவும் இல்லை, கடையில் இருக்கிற எல்லாவற்றையும் சொன்னாலும் எல்லாவற்றையும் அனுப்பிவைப்பான். "போதும்டா" என்றாள். "மெதுவா வாம்மா. வழி தெரியும்ல?" என்று கேட்டுவிட்டு அவனே சங்கடப்பட்டு, "சும்மா கேட்டேம்மா" என்றான். வழி தெரியுமாவாம். ஒரு நிமிஷம் சுருக்கென்று இருந்தது, மறு நிமிஷம் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இடுப்பில் தூக்கி இந்த வழியெல்லாம் கொண்டுவந்தவளிடம் கேட்கிறான் பார்.

பெருங்காயத்தின் பக்கம் ஜான்சி நின்றிருந்தாள். போன வருஷம் வரைக்கும் பில் போடுகிற இடத்தில் உட்கார்ந்து "கவர் வேணுமாக்கா" என்று கேட்டவள், இப்போது பச்சை டீ-ஷர்ட், காலில் ஷூ, கையில் ஒரு கருவி, அது கீச்சென்று கத்தினால் ஆப்பில் வந்த ஆர்டருக்குச் சாமான் எடுக்க ஓட வேண்டும். "என்னக்கா, வந்துட்டீங்களா" என்றாள், நிற்காமலே. கருவியைப் பெருங்காய டப்பாவின் முதுகில் காட்டினாள், கீச்சென்றது, பிறகு அதன் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். "அக்கா, சிவநேசன், எல்லிஸ் நகர், ரெண்டாவது மாடி. உங்க வீடுதான இது?" கையில் இருந்த காகிதப் பைக்குள் தனபாக்கியம் எட்டிப் பார்த்தாள். அவள் எடுத்து, பார்த்து, திரும்ப வைத்த அதே கடுகு, மூலையில் அவள் நகம் பட்டு மடங்கின அதே பாக்கெட், உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வெந்தயம், அப்பளம், ஊதுபத்தி. "அடிப்பாவி, எனக்கு முன்னாடி இது வீட்டுக்குப் போயிருமா?" என்றாள். "நீங்க படியேறுறதுக்குள்ள போயிரும்க்கா." ரெண்டு பேரும் சிரித்தார்கள், ஜான்சிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அப்ப நீங்க எதுக்குக்கா வந்தீங்க?" என்று கேட்டாள். கேட்டதில் ஒரு குத்தலும் இல்லை, தெரியாமல்தான் கேட்டாள். தனபாக்கியம் வாயைத் திறந்தாள். உப்பு, புளி, கடுகு, வெந்தயம், ஒன்றும் வரவில்லை. எல்லாம் அந்தப் பைக்குள் போய்விட்டது. "சும்மா" என்றாள். சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஜான்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. "நல்லதுக்கா, வெளிய என்னா வெயில்" என்றாள். அவ்வளவுதான்.

"இன்னும் ஒரு மாசந்தான்க்கா இந்த ஏசியெல்லாம்" என்றாள் ஜான்சி, அப்பளக் கட்டைச் சரியாக அடுக்கிக்கொண்டே. "ஆவணி பொறந்தா ஆன்லைன் ஆர்டர் மட்டுந்தானாம். கஸ்டமர் உள்ள வர முடியாது. வாசல்ல எழுதி ஒட்டிருக்காங்களே, பாக்கலயா?" பார்க்கவில்லை. வாசலில் ஏசிக் காற்று முகத்தில் அடிக்கிற அந்த ஒரு நொடியில் அவள் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். "அப்ப உனக்கு?" "எனக்கு இதே ஓட்டந்தான். ஒரு வகையில நல்லதுக்கா, சில்லறை இல்லன்னு யாரும் வையமாட்டாங்க. ஆனா பேச ஆளிருக்காது." கருவி கீச்சென்று கத்தியது. "வர்றேன்க்கா, லேட்டானா மார்க்க கொறைச்சிருவான்" என்று சொல்லி, தனபாக்கியத்தின் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடுகிற பையைப் பார்த்தபடி இவள் நின்றாள். மேல் மாடியில் பாத்திரப் பகுதியை ஏற்கெனவே மூடிவிட்டார்கள், குக்கர் மூடிகளில் முகம் பார்த்துச் சிரித்துக்கொள்வாள், அது போயிற்று. இப்போது அரிசியும் பருப்பும் போகப்போகிறது. ஐஸ்கிரீம் பெட்டிகள் இரைந்துகொண்டே இருக்கும், பாட ஆளிருக்காது. பிறகு ஒரு நினைப்பு எழும்பி வந்தது, நான் வந்தது இந்தக் கடைக்கா? கடுகு சாக்கு என்றால் கடையும் சாக்குத்தானே? சும்மா என்று சொன்னேனே, மேலே இருந்து ஓடு ஒன்றும் இடிந்து விழவில்லையே. அவுக சும்மா கடைத்தெரு வரைக்கும் என்று போவார், சிவநேசன் சும்மா ஒரு ரவுண்டு என்று வண்டியை எடுப்பான், ஒருத்தரையும் யாரும் டாக்டரிடம் கூட்டிப்போனதில்லை. எனக்கு மட்டும் சும்மா போக ஒரு கட்டைப்பை வேண்டியிருந்திருக்கிறது, இத்தனை வருஷமாக.

ஐஸ்கிரீம் பெட்டிக்குப் போனாள், குனியாமல் நின்றபடியே ஒரு பல்லவியை முழுசாகப் பாடினாள், கொஞ்சம் சத்தமாகவே. பிறகு காலிக் கூடையை அடுக்கில் போட்டாள். இப்போதுதான் பெரிய கண்டம். வெளியே போகிற வழியில் செக்யூரிட்டி நிற்பார், பில்லை வாங்கி ஓட்டை போட்டுத்தான் விடுவார். இத்தனை வருஷத்தில் பில் இல்லாமல் அந்த வாசலை அவள் தாண்டினதே இல்லை, ஒன்றும் இல்லாத நாளில் ஒரு தீப்பெட்டியாவது வாங்கியிருக்கிறாள், திருடிவிட்டு ஓடுகிறாள் என்று யாராவது நினைத்துவிட்டால்? கால் தீப்பெட்டி இருக்கிற பக்கம் தானாகத் திரும்பியது. திரும்பின காலை இழுத்துப் பிடித்தாள். நெஞ்சு அடித்துக்கொள்கிறது பார், ஒரு பொம்பளை ஒன்றும் வாங்காமல் வெளியே போகிறதற்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளுமா, என்ன கூத்து இது. செக்யூரிட்டி கையை நீட்டினார். "பில்லும்மா." "பில்லு இல்ல." "ஒண்ணும் வாங்கலயா?" "வாங்கல. சும்மா வந்தேன்" என்றாள், ரெண்டாவது தடவை சொல்லும்போது சுலபமாக வந்தது. அவர் அவளை மேலும் கீழும் பார்க்கவில்லை, ஓட்டை போடுகிற கருவியால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டு, "போயிட்டு வாங்க" என்றார். டோக்கனைக் கொடுத்துக் கட்டைப்பையை வாங்கினாள். காற்று மாதிரி இருந்தது பை.

வீட்டுக்குப் போகிறபோது சாமான் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது, ஜான்சி சொன்னது சொன்னபடி. சாப்பாட்டு மேஜையில் காகிதப் பை, அதற்குப் பக்கத்தில் அப்பனும் மகனும், ரெண்டு பேர் முகத்திலும் காணாமல் போன ஆள் கிடைத்த நிம்மதி. "எங்க போன? என்ன வாங்குன? இவ்வளவு நேரம்?" என்று ஆரம்பித்தார் சௌந்தரபாண்டியன். அவள் கட்டைப்பையை மேஜைமேல் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை. "ஒண்ணும் வாங்கல" என்றாள். சிவநேசன் அப்பாவைப் பார்த்தான், அந்தப் பார்வை அவளுக்குத் தெரிந்த பார்வை, வெள்ளிக்கிழமையை இன்னும் முன்னால் தள்ள முடியுமா என்கிற பார்வை. "அம்மா, கடைக்குப் போயிட்டு எதுக்குப் போனோம்னே..." "மறக்கலடா" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, பரவாயில்லை, நடுங்கட்டும். "நான் எதையும் மறக்கல. உப்பு இருக்கும்போதே உப்பு இல்லன்னு சொன்னேன். வெந்தயம் அந்த மேல் டப்பாவுல அரைக்கு இருக்கு, போய்ப் பாரு. வெளிய போகணும் போல இருந்துச்சு, போனேன். உங்க மேல கோவமெல்லாம் இல்ல. ஒரு மணி நேரம் யாரும் என்னைய ஒண்ணும் கேக்காம இருக்கணும், அவ்வளவுதான். அங்க போயி நான் பாட்டுப் பாடுவேன்." "பாட்டா?" என்றார் அவுக. அத்தனை சொன்னதில் அவருக்கு அதுதான் பட்டது. சிவநேசன் எழுந்துபோய் மேல் டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தான். வெந்தயம் பாதிக்கு இருந்தது. மூடினான், திரும்பவும் திறந்து பார்த்தான். "சொல்லிருக்கலாம்லம்மா" என்றான் கடைசியில், சின்னப் பிள்ளை குரலில். "நீ கால்ல இருந்தடா" என்றாள் அவள். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் விழித்தான். அவள் பெருங்காயத்தை எடுத்து டப்பாவில் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வெயில் தாழுமுன்னே அவள் முகம் கழுவி, பொட்டு வைத்து, செருப்பை மாட்டினாள். உள் ரூமில் மகன் யாரிடமோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான், அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஆட்டினான், ஒன்றும் கேட்கவில்லை. ஹாலில் சௌந்தரபாண்டியன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வாய் எந்த வடிவத்துக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். மூன்று கேள்வியும் அந்த உதட்டுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் கட்டைப்பை தொங்கிக்கொண்டிருந்தது, அவள் அதைத் தொடாமல் தாண்டினாள்.

"பாக்கியம், பையை மறந்துட்டியே."

"மறக்கல."

அவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப வர்ற திருப்பரங்குன்றம் வண்டி காலியா வரும். பொம்பளைகளுக்கு டிக்கெட்டும் கெடையாது" என்றார். "எடதுபக்கம் உக்காரு. வெயில் அடிக்காது, இஞ்சின் சத்தத்துல பாடுனாலும் யாருக்கும் கேக்காது."

எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை.